சூரை மீனை இனங்காணல்



கோவில்பட்டி வட்டாரத்துக் கிராமத்துப் பிள்ளை ஒருவனிடம் சூரை என்றால் என்னவென்று கேட்டால், அவன் ஒரு முட்செடியைச் சொல்வான். ஓடைக்கரைகளிலும் புதர்க்காடுகளிலும் படர்ந்து, கொக்கி போல் வளைந்த முள்ளால் போவோர் வேட்டியைப் பற்றி இழுக்கும் செடி அது. அதன் சிறு பழம் கறுத்துப் பழுத்தால் புளிப்பும் இனிப்புமாக இருக்கும். ஆடு மேய்க்கும் சிறுவர்களுக்கு அப்பழத்தின் சுவை நன்கு தெரியும். அங்கிருந்து எட்டயபுரம் வழியாகத் தென்கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் சென்று, தூத்துக்குடிக் கடற்கரையில் அதே கேள்வியைக் கேட்டால், அங்குள்ள பிள்ளை ஒரு மீனைச் சொல்வான்.

இன்று நான் பேசவிருப்பது இந்த இரண்டாவது சூரையைப் பற்றி. மழை எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த கரிசற்காட்டான் ஒருவன் கடல்மீனைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இப்பேச்சு எனக்கு ஒரு பழைய கடன். அது எவ்வாறு ஏற்பட்டது என்பதை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

1993-ஆம் ஆண்டு. ஒன்பதாம் வகுப்பில் முதுகெலும்புள்ள பிராணிகளைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. பறவைகளும் பாலூட்டிகளும் வெப்ப இரத்தப் பிராணிகள், மீனும் தவளையும் பாம்பும் குளிர் இரத்தப் பிராணிகள் என்று கரும்பலகையில் எழுதினேன். மீனின் உடல் எந்நேரமும் தான் வாழும் நீரின் வெப்பநிலையிலேயே இருக்கும் என்று விளக்கமும் சொன்னேன். அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். கடற்கரைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவன். கோவில்பட்டியில் தாய்மாமன் வீட்டில் தங்கிப் படித்தவன். “சார், சூரை மீன் அப்படி இல்லை சார். தூண்டிலில் ஏறினவுடனே அறுத்தால் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். நான் கை வைத்துப் பார்த்திருக்கிறேன்” என்றான்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. “வெயிலில் கிடந்த மீனாக இருக்கும். உட்கார் தம்பி” என்றேன். காலாண்டுத் தேர்வில் அவன் அதே கருத்தை எழுதியிருந்தான். சிவப்பு மையால் அதன் குறுக்கே கோடு போட்டேன்.

அவன் சொன்னது முற்றும் உண்மை என்பதை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழித்து, ஒரு நூலகத்தில் தற்செயலாக எடுத்துப் புரட்டிய மீனியல் நூலில் கண்டேன். அது புதிய கண்டுபிடிப்பும் அன்று. ஜான் டேவி என்னும் ஆங்கில மருத்துவர், புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவியின் தம்பி, இலங்கையில் படை மருத்துவராகப் பணியாற்றியவர். அவர் சூரை இனத்து மீன் ஒன்றின் உடலில் வெப்பமானியைச் செருகிப் பார்த்து, அது சுற்றியுள்ள கடல்நீரைக் காட்டிலும் ஏறத்தாழ 10 செல்சியஸ் டிகிரி கூடுதலான வெப்பத்துடன் இருப்பதை 1835-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருக்கிறார். நான் கரும்பலகையில் எழுதியதற்கு 158 ஆண்டுகளுக்கு முன்னர்!

இவ்வெப்பம் எங்கிருந்து வருகின்றது? சூரையின் உடலினுள், முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பான தசை ஒன்று நீளவாட்டில் ஓடுகின்றது. ஓய்வின்றி நீந்துவதற்கு உதவும் தசை அது. இடைவிடாது உழைக்கும் தசையில் வெப்பம் பிறப்பது இயல்பே. மற்ற மீன்களில், இரத்தம் செவுளுக்குச் சென்று கடல்நீரைத் தொட்டவுடன் அவ்வெப்பம் நீரில் கரைந்துவிடும். சூரையினத்தில் இயற்கை ஒரு சிக்கன ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கின்றது. செவுளிலிருந்து குளிர்ந்து வரும் இரத்தக் குழாய்களும், தசையிலிருந்து சூடேறித் திரும்பும் இரத்தக் குழாய்களும் நுண்ணிய இழைகளாகப் பிரிந்து, ஒன்றையொன்று நெருங்கி, எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. திரும்பும் இரத்தம் தன் சூட்டை வரும் இரத்தத்திற்குக் கொடுத்துவிட்டு, வெறுங்கையுடன் செவுளுக்குச் செல்கின்றது. சூடு உள்ளேயே தங்கிவிடுகின்றது. பாலூட்டியைப் போல் உடல் முழுவதையும் ஒரே வெப்பநிலையில் காக்கும் ஆற்றல் இதற்கு இல்லை. எனினும், எல்லா மீனும் குளிர் இரத்தப் பிராணியே என்று நான் எழுதியது தவறுதான்.

அதே ஆண்டு கோடை விடுமுறையில் அவனைத் தேடிக்கொண்டு அவன் ஊருக்குப் போனேன். படிப்பைப் பத்தாம் வகுப்போடு முடித்துக்கொண்டு, தந்தையின் படகில் தொழில் செய்துகொண்டிருந்தான். வந்த காரணத்தைச் சொன்னேன். அவனுக்கு அந்த வகுப்பும் நினைவில்லை, சிவப்புக் கோடும் நினைவில்லை. “அப்படியா நடந்தது, சார்?” என்று கேட்டுவிட்டு, மறுநாள் விடியற்காலையில் படகுகள் கரை சேரும்போது வரச் சொன்னான்.

தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள தருவைகுளம் போன்ற ஊர்களிலிருந்து செல்லும் படகுகள், பருவலை என்னும் பெரிய கண்ணுள்ள மிதவலையை விரித்துச் சூரை முதலிய பெருமீன்களைப் பிடிப்பவை. அன்று காலையில் மணலின் மேல் விரித்த சாக்கில் வந்து விழுந்த மீன்கள் என் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றின. எல்லாம் நீலக்கருமையான முதுகு. எல்லாம் வெள்ளி வயிறு. எல்லாம் பிறைபோன்ற வால். எல்லாவற்றிற்கும் பெயர் சூரை. “இதில் மூன்று சாதி இருக்கிறது, சார்” என்றான் அவன். குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டத் தொடங்கினான். நூலில் நான் படித்த அடையாளங்களையும் அவன் விரல் தொட்டுக் காட்டிய அடையாளங்களையும் சேர்த்தே இனிச் சொல்கிறேன்.

நமது கரையில் வெறுமனே சூரை என்றால் பெரும்பாலும் குறிக்கப்படுவது, விஞ்ஞானிகள் யூதின்னஸ் அஃபினிஸ் என்று பெயரிட்டுள்ள மீன். ஆங்கில நூல்களில் இதனைக் கவகவா என்றும் எழுதுவர். அது ஹவாய்த் தீவு மக்கள் வைத்த பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த தியோடர் காண்டர் என்னும் டென்மார்க்கு நாட்டவர், பினாங்குக் கடலில் கிடைத்த மீனைக்கொண்டு 1849-ஆம் ஆண்டில் இதனை முதன்முதலில் விவரித்தார். அஃபினிஸ் என்னும் லத்தீன் சொல்லுக்கு உறவுடையது என்று பொருள். வேறு சூரைகளோடு ஒத்திருப்பதால் அப்பெயர் இட்டார் போலும். உறவினர் பலர் ஒரே முகச்சாயலில் இருந்தால் வரும் குழப்பம் இம்மீனின் பெயரிலேயே இருக்கின்றது.

உடல் வடிவத்தைப் பாருங்கள். நமது ஊர் நூற்பாலைகளில் நூல் சுற்றிய கதிரைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் பருத்து இருமுனையும் கூர்ந்த அவ்வடிவமே சூரையின் வடிவம். நீரைக் கிழித்துச் செல்வதற்கு இதனினும் ஏற்ற வடிவம் இல்லை. வாலின் அடிப்பகுதியோ என் இரு விரலால் பற்றிவிடலாம் என்னும் அளவுக்கு ஒடுங்கியிருக்கின்றது. அவ்விடத்தில் இருபுறமும் கப்பலின் அடிக்கட்டை போன்ற மேடு ஒன்று புடைத்து நிற்கும். வால் வேகமாக அடிக்கும்போது ஒடிந்துபோகாமல் வலுக்கொடுப்பது அது. இரண்டாவது முதுகுத் துடுப்புக்குப் பின்னால், வால் வரை, 8 முதல் 10 வரையான சிறு துடுப்புகள் வரிசையாக நிற்கும். அடிப்புறத்தில் 6 முதல் 8 வரை. இவையெல்லாம் சூரைக் குடும்பத்தார் யாவர்க்கும் பெரும்பாலும் பொதுவானவை. ஆகவே இவற்றைக்கொண்டு இது சூரை என்று சொல்லலாமேயன்றி, எந்தச் சூரை என்று சொல்ல இயலாது.

எந்தச் சூரை என்று சொல்ல, முதுகையும் மார்பையும் வயிற்றையும் பார்க்கவேண்டும். யூதின்னஸ் அஃபினிஸின் முதுகில், பின்பாதியில் மட்டும், கருமையான சாய்ந்த வரிகள் உண்டு. அவை நேர்கோடுகள் அல்ல. இடையிடையே உடைந்து, கிளைத்து, வளைந்து செல்பவை. சித்திரை வைகாசியில் கரிசல்மண் பாளம்பாளமாக வெடித்துக் கிடக்குமே, அவ்வெடிப்புகளை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ அதே தோற்றம். இவ்வரிகள் முதல் முதுகுத் துடுப்பின் நடுப்பகுதியைத் தாண்டி முன்னே வருவதில்லை. அதற்கு முன்னுள்ள முதுகு வரியின்றி இருக்கும்.

இனி மீனைச் சற்றே மல்லாத்தி, தோளோரத் துடுப்புக்குக் கீழே பாருங்கள். தோள் துடுப்புக்கும் அடியிலுள்ள இடுப்புத் துடுப்புக்கும் இடையே, வெள்ளை மார்பில், விரல்நுனியை மையில் தொட்டு வைத்தாற்போலச் சில கரும்புள்ளிகள் தென்படும். சில மீன்களில் இரண்டு, சிலவற்றில் நான்கு அல்லது ஐந்து. இடப்பக்கத்தில் இருக்கும் எண்ணிக்கையே வலப்பக்கத்திலும் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. கரையிலுள்ள முதியவர்கள் வேறு எதையும் பார்ப்பதில்லை. மார்பில் புள்ளியைக் கண்டால் போதும், இன்னதென்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் புள்ளியை மட்டும் நம்பிவிடவும் கூடாது. சில மீன்களில் அது மங்கலாகவே இருக்கும். மேலும், நிறம் என்பது மீன் செத்த பின் மெல்ல மெல்ல மாறிப்போவது. பனிக்கட்டிப் பெட்டியில் அடைபட்டுக் கோவில்பட்டிச் சந்தைக்கு வந்து சேர்வதற்குள் கடலில் இருந்த பளபளப்பில் பாதி போய்விடும். ஆகவே, மாறாத உறுப்பு எதையேனும் பார்ப்பது பாதுகாப்பானது. அதற்கு முதுகின்மேல் உள்ள இரு துடுப்புகளைப் பாருங்கள். முதல் துடுப்பின் முன்முட்கள் மிக உயரமாக எழுந்து, பிறகு சட்டென்று தாழ்ந்து, அரிவாளின் உட்புறம் போல் குழிந்த விளிம்பை உண்டாக்குகின்றன. அத்துடுப்பு முடியும் இடத்திற்கும் இரண்டாம் துடுப்பு தொடங்கும் இடத்திற்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. மீனின் கண்ணின் அகலத்திற்கு மேற்படாது.

இந்த இடைவெளியே அடுத்த உறவினனைப் பிரித்தறிய உதவுவது. எலிச்சூரை என்று கரையில் அழைக்கப்படும் ஆக்சிஸ் என்னும் மீன், முதற்பார்வையில் நமது சூரையின் குட்டியைப் போலவே இருக்கும். அதன் முதுகிலும் உடைந்த வரிகள் உண்டு. ஆனால் அதன் இரு முதுகுத் துடுப்புகளுக்கும் இடையே பெரும் வெளி கிடக்கும். முதல் துடுப்பின் அடிநீளத்திற்கு அவ்விடைவெளி குறைவதில்லை. ஒன்றில் இரு வீடுகளும் சுவரோடு சுவர் ஒட்டியவை. மற்றொன்றில் நடுவே ஒரு வீட்டுமனை காலியாகக் கிடக்கின்றது. இதை ஒருமுறை பார்த்தவர் மறப்பதற்கில்லை. நான் அன்று ஒரு கூடை மீனையும் இந்த ஓர் அடையாளத்தைக்கொண்டே பிரித்துவிட்டேன். என் பழைய மாணவன் சரிபார்த்தான். ஒன்றில்கூடப் பிழையில்லை என்றான்.

மூன்றாவது சாதியின் வரிகள் முதுகில் இல்லை; வயிற்றில் இருக்கின்றன. கீழ்ப்பாதி உடலில் 4 முதல் 6 வரையான கரும்பட்டைகள், தலைப்பக்கத்திலிருந்து வாலை நோக்கி நீளவாட்டில் ஓடும். ஆங்கிலத்தில் ஸ்கிப்ஜாக் எனப்படுவது இது. டேவி வெப்பமானியைச் செருகிப் பார்த்ததும் இவ்வகையே. நாம் வசதிக்காக வரிவயிற்றுச் சூரை என்று வைத்துக்கொள்வோம். லட்சத்தீவின் மினிக்காய்த் தீவினர் கழித்தூண்டிலால் பிடித்து, அவித்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்து, கட்டைபோல் இறுகச் செய்யும் மாசி பெரும்பாலும் இம்மீனிலிருந்தே ஆவது. இலங்கைத் தமிழர் சம்பலுக்கு இடித்துப்போடும் மாசியும் அதுதான். கட்டையாகிவிட்ட மாசியில் தோலும் இல்லை, வரியும் இல்லை. அதைக் கையில் கொடுத்து இன்ன மீன் என்று சொல்லச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஐயம் தீராத இடத்தில் செவுளைத் திறந்து பார்ப்பதுண்டு. முதல் செவுள் வளைவின் உட்புறத்தே சீப்பின் பற்கள்போல் சிறு முட்கள் வரிசையாக நிற்கும். வாயினுள் புகும் நீரிலிருந்து இரையைத் தடுத்து நிறுத்துபவை அவை. யூதின்னஸ் அஃபினிஸில் இவை 29 முதல் 34 வரை. வரிவயிற்றுச் சூரையில் 53 முதல் 63 வரை. பல் நெருங்கிய சீப்பு எது, இடைவிட்ட சீப்பு எது என்பது பார்த்த அளவிலேயே தெரிந்துவிடும். உயிரியல் மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் இதை எண்ணிப் பழகலாம், நல்ல பயிற்சி.

இன்னும் இரண்டு செய்திகள். சூரையின் உடல் பெரும்பாலும் செதிலற்றது. தோள்பகுதியைச் சுற்றிக் கவசம்போல் ஒரு செதிற்பரப்பும், பக்கக்கோட்டின் வழியே ஒரு வரிசையும் மட்டுமே செதில் உள்ள இடங்கள். மற்ற இடமெல்லாம் தோல் வழவழவென்றிருக்கும். அன்றியும், பல மீன்களுக்கு மிதப்பைத் தரும் காற்றுப்பை இதற்கு இல்லை. நீந்துவதை நிறுத்தினால் மூழ்கும். அதனினும் மேலாக, வாயைத் திறந்துகொண்டு முன்னே பாய்வதாலேயே செவுள்களின் வழியாக இதற்கு நீர் கிடைக்கின்றது. நின்றால் மூச்சுத் திணறும். பிறந்தது முதல் இறப்பது வரை ஒரு கணமும் நில்லாமல் நீந்தும் வாழ்வு. முன்னர்ச் சொன்ன கருஞ்சிவப்புத் தசையும் அதன் வெப்பமும் எதற்காக என்பது இப்போது விளங்கும். பொதுவாக 60 சென்டிமீட்டர் அளவில் பிடிபடும் இம்மீன், ஒரு மீட்டர் நீளமும் 14 கிலோகிராம் எடையும் எட்டக்கூடும்.

இது வாழும் எல்லை எது? வெப்பமான இந்தியப் பெருங்கடலும் மேற்குப் பசிபிக் பெருங்கடலும் இதன் வீடு. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை, செங்கடல், அரபிக்கடல், நமது இரு கரைகள், இலங்கை, லட்சத்தீவு, அந்தமான், மலேயா, இந்தோனேசியா, வடக்கே ஜப்பான், தெற்கே ஆஸ்திரேலியா, கிழக்கே ஹவாய் வரை ஒரே மீன். நிலப்படத்தை எடுத்து இவ்வூர்களை ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். உலகின் நீர்ப்பரப்பில் எத்தகைய பெரும்பகுதி என்பது தெரியும். ஆயினும் இத்தனை பெரிய கடலில் இது நடுக்கடலை அவ்வளவாக நாடுவதில்லை. கரையை ஒட்டி, ஆழம் குறைந்த நிலத்திட்டின் மேலுள்ள நீரிலும் தீவுகளைச் சுற்றியுமே திரிகின்றது. 18 முதல் 29 செல்சியஸ் டிகிரி வரையான நீர் இதற்கு ஏற்றது. நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கூட்டமாகச் செல்லும். அக்கூட்டத்தில் தன் அளவொத்த வேறு சூரைகளையும் சேர்த்துக்கொள்ளும். அதனால்தான் ஒரே வலையில் மூன்று சாதியும் விழுகின்றன. வரிவயிற்றுச் சூரையோ, மஞ்சள் துடுப்புச் சூரையோ இவ்வாறு கரையோடு கட்டுண்டவை அல்ல. மூன்று பெருங்கடல்களின் வெப்பப் பகுதிகளிலும் நடுக்கடலில் உலவுபவை அவை.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அட்லாண்டிக் கடலிலும் மத்தியதரைக் கடலிலும் ஒரு சூரை இருக்கின்றது. அதற்கும் பின்முதுகில் உடைந்த வரி. அதற்கும் மார்பில் கரும்புள்ளி. யூதின்னஸ் அலிட்டரேட்டஸ் என்று பெயர். அமெரிக்காவின் மேற்குக் கரையோரப் பசிபிக்கில் யூதின்னஸ் லீனியேட்டஸ் என்று மற்றொன்று. மூவரும் உடன்பிறந்தார் போன்றவர். உலகின் வெங்கடலைப் பாகப்பிரிவினை செய்துகொண்டு தத்தம் எல்லைக்குள் வாழ்கின்றனர். நமது சூரை வழிதவறிக் கிழக்குப் பசிபிக்கில் பிடிபட்டது மிக அரிது. ஆகவே ஒரு மீனை இன்னதென்று சொல்லுமுன், அது எந்தக் கடலில் பிடிபட்டது என்று கேட்டாகவேண்டும். ஆளை அடையாளம் காண முகத்தோடு ஊரையும் கேட்கிறோமே, அதுபோல.

இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்ப்பதால் என்ன பயன், குழம்பில் எல்லாம் ஒன்றுதானே என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். ஒரு சிறு கணக்கைச் சொல்லி விடை சொன்னேன். கற்பனைக் கணக்குத்தான். ஒரு துறையில் ஓர் ஆண்டு 100 கூடை சூரை வந்தது என்று கொள்வோம்; அதில் 70 கூடை நமது சூரை, 30 கூடை எலிச்சூரை. பத்தாண்டு கழித்தும் 100 கூடையே வருகின்றது. ஆனால் இப்போது நமது சூரை 40, எலிச்சூரை 60. பேரேட்டில் சூரை என்ற ஒரே சொல்லை எழுதுபவர் அன்றும் 100 என்று எழுதுவார், இன்றும் 100 என்று எழுதுவார். கடலில் ஒரு சாதி கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துபோனதை அந்தப் பேரேடு காட்டவே காட்டாது. வேறொன்றும் உண்டு. எலிச்சூரை பெரும்பாலும் 40 சென்டிமீட்டருக்கு உட்பட்டது; அவ்வளவில் அது வளர்ந்து முடிந்த மீன். அதைவிடச் சிறிய நமது சூரையோ இன்னும் குழந்தை. பெயர் தெரியாதவனுக்குக் கூடையில் கிடப்பது பெரியவரா பிள்ளையா என்பதும் தெரியாது.

இதனை அறிஞர்கள் நெடுங்காலத்திற்கு முன்னரே உணர்ந்திருந்தனர். 1947-இல் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அப்போது இராமநாதபுரத்துக் கரையில் மண்டபம் முகாமில் இயங்கிவந்தது. 1962 ஜனவரியில் அவ்விடத்தில், இந்தியக் கடல் உயிரியல் கழகத்தின் சார்பில், சூரை, அயிலை, வஞ்சிரம் ஆகியவற்றை உள்ளடக்கிய மீன்குடும்பத்தைப் பற்றி மட்டும் ஒரு கருத்தரங்கு கூடியது. எஸ். ஜோன்ஸ், ஈ. ஜி. சைலஸ் என்னும் இருவரும் இந்தியக் கடல்களின் சூரையினங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வரையறுத்தது அக்கருத்தரங்கின் தொகுதியில் வெளிவந்தது. ஜோன்ஸ் அப்போது அந்நிலையத்தின் தலைவராக இருந்தவர். சைலஸ் பின்னாளில் அப்பொறுப்பை ஏற்றவர். நமது மாவட்டத்தின் அண்டைக் கரையிலேயே இவ்வளவு பெரிய வேலை நடந்தது என்பதை, ஆசிரியனாக இருந்த காலம் முழுவதும் நான் அறியாமல் இருந்தேன். பாடநூலில் இல்லை, நானும் தேடவில்லை.

இன்று இந்நிலையத்தின் தலைமையிடம் கொச்சியில் உள்ளது. தூத்துக்குடியில் அதன் ஆய்வு மையம் இருக்கின்றது. கரைகளில் கணக்கெடுப்போர் வந்து, இறங்கும் மீனை இனவாரியாகக் குறித்துச் செல்கின்றனர். இந்தியப் பெருங்கடல் நாடுகள் சேர்ந்து நடத்தும் சூரை ஆணையம் ஒன்று செஷல்ஸ் தீவில் உள்ளது. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. 16 இனங்களைக் கண்காணிக்கும் அதன் பட்டியலில் நமது யூதின்னஸ் அஃபினிஸும் உண்டு. நடுக்கடலின் பெருஞ்சூரைகளுக்குப் பெருங்கப்பல்களின் கணக்கேடுகள் இருக்கின்றன. கரையோரச் சூரைகளோ ஆயிரக்கணக்கான சிறுதுறைகளில், சிறு படகுகளில் வந்து இறங்குபவை. பல நாடுகளில் இனம் பிரிக்காமல் ஒன்றாகக் கலந்தே எழுதப்படுபவை. எவ்வளவு பிடிக்கலாம், எங்கே நிறுத்தவேண்டும் என்று சொல்ல முயலும் ஆணையத்தாருக்கு மிகப்பெரிய இடர்ப்பாடு இதுவே.

சூரையை வாங்கி உண்போருக்கும் ஒரு வார்த்தை. உள்ளே சூடுள்ள மீன் என்பதால் பிடித்தவுடன் இரத்தத்தை வடித்துப் பனிக்கட்டியில் இடாவிட்டால் விரைவில் கெடும். சூரைத் தசையில் ஹிஸ்டிடின் என்னும் பொருள் மிகுதி. வெப்பத்தில் கிடந்தால் கிருமிகள் அதனை ஹிஸ்டமின் ஆக மாற்றிவிடும். பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போவதில்லை. உண்டவருக்கு முகம் சிவத்தல், தலைவலி, உடல் அரிப்பு முதலியன உண்டாகும். கடலுக்கு அருகில் இருப்பவர்க்கு இது பெரிய கவலை இல்லை. 60 கிலோமீட்டர் வெயிலைத் தாண்டி மீன் வரும் நம்மூருக்கு இது கவலைதான். பனிக்கட்டியின்றித் திறந்த கூடையில் வரும் சூரையை மலிவென்று வாங்காதீர்கள்.

அன்று காலை வெயில் ஏறியதும் ஏலம் தொடங்கிவிட்டது. நான் பிரித்து வைத்த கூடைகளைத் தூக்கிப் போனார்கள். தன் பங்கிற்கு வந்த மீன்களில் ஒன்றை என் பழைய மாணவன் எடுத்து, சாக்கில் பனிக்கட்டியோடு சுற்றி, என் கையில் கொடுத்தான். பணம் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டான். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் அறுப்பதற்கு முன் மல்லாத்திப் பார்த்தேன். இடப்பக்கம் நான்கு புள்ளி, வலப்பக்கம் மூன்று. என் குறிப்பேட்டில் அதனை எழுதி, பக்கத்தில் அவன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.